சேம அச்சு

அச்சு என்றதும் இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு அச்சகம்தான் நினைவில் எழும். ஈய எழுத்து, மெய்ப்பு, மை வாசனை என்று அது ஒரு தனி உலகம். கடந்த மாசி மாதத்திலிருந்து எங்களுக்கு அந்தச் சொல் வேறொன்றைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. வண்டியின் அடியில், இரு பின்சக்கரங்களுக்கு இடையே, சேறும் எண்ணெயும் அப்பிக் குறுக்கே கிடக்கும் இரும்பு அது. மாட்டுவண்டிக்காரர்கள் இருசு என்பார்கள். பட்டறைகளில் ‘ஹவுசிங்’ என்றால்தான் புரியும். நாம் பின்னச்சு என்றே சொல்லிக்கொள்வோம்.

எங்கள் மூவருக்கும் பங்குள்ள ஒரே அசையும் சொத்து ஒரு பழைய மஹிந்திரா ஜீப். நீண்ட அடிச்சட்டம், நான்கு சக்கர இயக்கம், பின்புறத்து இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிய திறந்த தொட்டி. பிக்கப் என்று சொன்னால் இன்றைய பளபளப்பான வண்டிகள் கண்முன் வந்துவிடும். இதற்கு அந்தப் பெயர் சற்றுக் கூச்சத்தையே தரும். பள்ளிகொண்டாவிலிருந்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி, திரும்பும்போது புளி, சாமை, கடுக்காய் என்று பருவத்துக்கேற்ற சரக்கோடு இறங்குவது அதன் தொழில். சரக்கோடு மனிதர்களும் இறங்குவார்கள். ஏறும்போதும் வெறும் தொட்டியாக ஏறியதில்லை.

ஜீப்பின் பூர்வீகம் பலரும் அறிந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். அந்த நிறுவனம் 1945இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பார்த்ததோ இரும்பு வணிகம். பங்காளியான குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, 1951இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலும் ஆனார். எஞ்சிய பங்காளிகள் பெயரை மாற்றிக்கொண்டு ஜீப் செய்தார்கள். ஒரு நாடு இரண்டானபோது ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகையில் நடந்த இந்த மாற்றத்தை யாராவது நாவலாக எழுதியிருக்க வேண்டும். எங்கள் வண்டியின் பின்னச்சும் அந்த அமெரிக்கப் பரம்பரையில் வந்ததே. ஸ்பைசர் நிறுவனம் வடிவமைத்து, டானா 44 என்ற பெயரில் உலகமெங்கும் அறியப்பட்ட வகை.

வேலூரில் பாதி விலைக்கு வேறு வண்டி கிடைக்குமே, இதை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. மலையைப் பாராதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். பீஞ்சமந்தைக்குத் தார்ச்சாலை என்பதே அண்மை ஆண்டுகளின் செய்தி. அங்கிருந்தும் பிற மலையூர்களிலிருந்தும் கிளைக்கும் பாதைகள் பல இன்னமும் கல்லும் மண்ணும் ஓடைக் குறுக்கீடுகளுமாகவே கிடக்கின்றன. 2023 மே மாதம், இதே அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேரும் முன் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, தாய் அதைக் கையில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்தார். நாளிதழ்களில் படம் வந்தது. சில நாட்கள் பேசினார்கள். நாங்கள் அந்த மலைக்குப் போகிறவர்கள் அல்லர்; எங்கள் பாதை வேறு மடிப்பில் இருக்கிறது. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று ஊர்க்கோடியில் நிற்பதும் நில்லாததும் இப்பக்கத்தில் என்ன பொருள் தரும் என்பதை அதற்குப் பிறகு யாரும் எங்களுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

அந்த வண்டி மாசியில் ஊளையிடத் தொடங்கியது. முதலில் வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் ஒரு மெல்லிய முனகல். பிறகு இழுக்கும்போதும் வந்தது. கூடவே வலது பின் டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறது 475ஆம் குறள். எங்கள் தொட்டியில் ஏறியது மயிலிறகல்ல, புளிமூட்டை.

பள்ளிகொண்டாவில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி லாரிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறைகள் சில உண்டு. அவற்றில் ஒன்றில், இந்த வட்டாரத்து ஜீப்புகளை இளமையிலிருந்து பார்த்துவரும் ஒரு பாய் இருக்கிறார். வண்டியை உள்ளே விட்டதும் அவர் செய்த முதல் காரியம் எஞ்சினை அணைக்கச் சொன்னதுதான். பிறகு புரபல்லர் தண்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். “பினியன் பேரிங் போயிடுச்சு தம்பி. அதுகூடப் பரவால்ல. ஹவுசிங்கே வளைஞ்சிருக்குது பாருங்க.” நூல் பிடித்துக் காட்டினார். பட்டை ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கு வெளியே குழாய் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத, நூலுக்குத் தெரிந்த வளைவு. மூடியைத் திறந்து எண்ணெயை வடித்தபோது கிரவுன் வீலின் இரண்டு பற்களின் முனை காணவில்லை. அவை எண்ணெயின் அடியில் கிடந்தன.

பேரிங் மட்டும் போயிருந்தால் அது ஒரு நாள் வேலை. குழாய் வளைந்துவிட்டால் புதுப் பல்சக்கரம் போட்டாலும் பயனில்லை. இந்த வகை அச்சில் உள்ளே ஓடும் தண்டு சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் எடையையும் தாங்குகிறது. லாரிகளின் பின்னச்சில் எடையைத் தாங்குவது வெளிக்கூடு. உள்தண்டு ஒடிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். நம்முடையதில் தண்டு வெளிப்புறத்தில் ஒடிந்தால் சக்கரமே கழன்று வண்டிக்கு முன்னால் ஓடும். மலையிறக்கத்தில், தொட்டியில் பத்துப்பேர் இருக்கும்போது அந்தக் காட்சியைக் கற்பனை செய்ய நாங்கள் விரும்பவில்லை. முழு அச்சையும் மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றுவது பெரிய வித்தையல்ல என்பதைப் பிறகு கண்டோம். எதைக் கொண்டு மாற்றுவது என்று அறிவதில்தான் நாற்பது நாட்கள் கழிந்தன. பெருமாளே படுத்த கோலத்தில் இருப்பதால் பெயர் பெற்ற ஊர் இது. உத்தர ரங்கநாதருக்குத் துணையாக எங்கள் வண்டியும் கட்டைகளின் மேல் பள்ளிகொண்டது.

பழைய வண்டியின் அச்சை அதன் பெயரால் அறிய முடியாது. தொழிற்சாலையில் மூடியின் போல்ட் ஒன்றின் அடியில் ஒரு சிறு தகடு வைத்து, பற்களின் எண்ணிக்கையைப் பொறித்து அனுப்புவார்கள். முப்பது வருட வண்டியில் அந்தத் தகடு இருக்காது. யாரோ ஒரு மெக்கானிக் மூடியைத் திறந்தபோது அது மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். குழாயில் குத்திய எண்களைத் துரு தின்றிருக்கும். பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும்தான் உண்டு. பல்லின் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. ஆகவே உடலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூடிக்குப் பத்து போல்ட், சரி. அடுத்து, பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய நான்கு சக்கர ஜீப்புகளில் அது நடுவில் இராது, வலப்புறமாக ஒதுங்கியிருக்கும். கியர் பெட்டிக்குப் பின்னாலுள்ள டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து சக்தி வெளிவரும் துளை ஒரு பக்கமாக இருப்பதால் வந்த ஒதுக்கம் அது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பிற்கால ஜீப்புகளுக்கு அந்தப் பெட்டி கிடையாது. அவற்றில் உருண்டை பெரும்பாலும் நட்ட நடுவில் இருக்கும்.

மூன்றாவது பல்லின் கணக்கு. எல்லாச் சிக்கலும் இங்கேதான். பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல் இருந்தால் புரபல்லர் 5.38 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று வரும். கிரவுனில் 39 என்றால் 4.88 சுற்று. எங்கள் வண்டியில் உடைந்த பற்களையும் சேர்த்து எண்ணியதில் 39 வந்தது. ஆனால் பாய் அத்தோடு விடவில்லை. இதற்கு முன் வண்டி யார் யார் கையிலோ இருந்தது. பின்னச்சை எவராவது ஏற்கெனவே மாற்றியிருந்தால்? “பின்னாடி இருக்கறத முன்னாடி கேட்டுக்கணும் தம்பி. ரெண்டுக்கும் பொருத்தம் இருக்குதா பாக்கணும்.”

முன் இடச்சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினார். நான்கு சக்கர இயக்கத்தின் சிறு கியரை விலக்கி, முன் புரபல்லரைத் தனியே சுற்றவிட்டார். சக்கரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு, புரபல்லரில் ஒரு கோடு. ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றதைச் சுற்றினால் டிஃபரன்ஷியல் பாதிக் கணக்கைத்தான் தண்டுக்குக் கொடுக்கும். எனவே பத்துச் சுற்றின் கணக்கு வேண்டுமென்றால் இருபது முறை சுற்ற வேண்டும். எங்களில் ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, ஒருவர் அதன் சுற்றுகளை எண்ண, மூன்றாமவர் வண்டிக்கடியில் படுத்துத் தண்டின் கோட்டை எண்ணினார். இருபதாவது சுற்று முடிந்தபோது தண்டு நாற்பத்தெட்டைத் தாண்டி முக்கால் சுற்று வந்து நின்றது. 39 வகுத்தல் 8. பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கு இத்தனை மரியாதையோடு பலித்து நாங்கள் பார்த்ததில்லை. ஒரே ஒரு சுற்றை மட்டும் எண்ணியிருந்தால் ஐந்துக்குச் சற்று முன்னா பின்னா என்ற குழப்பம் மிஞ்சும். பத்துக்கு எண்ணும்போது ஒன்று 49ஐ ஒட்டி நிற்கிறது, மற்றது 54ஐ ஒட்டி நிற்கிறது.

இந்தப் பொருத்தம் ஏன் இத்தனை முக்கியம்? சமதரையில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும்போது முன்னச்சின் கணக்கு எதுவாக இருந்தாலும் ஒன்றுமில்லை. நான்கையும் இணைத்த நொடியில் முன் புரபல்லரும் பின் புரபல்லரும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டுப்பட்டுவிடுகின்றன. இவ்வகை வண்டியில் அவற்றுக்கிடையே விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. முன்னால் 39ம் பின்னால் 43ம் இருந்தால், முன்சக்கரம் நூறடி போக முனையும்போது பின்சக்கரம் தொண்ணூறடிக்குச் சற்று மேல்தான் போக முனையும். முன்னுக்குப்பின் முரண் என்ற தொடருக்கு இதைவிட நேர்ப்பொருள் கிடைக்காது. சேற்றில் சக்கரங்கள் வழுக்கி அந்தக் கடனைத் தீர்த்துக்கொள்ளும். பாறையில், ஏற்றத்தில், வழுக்க இடமில்லாத இடத்தில் இறுக்கம் ஏறிக்கொண்டே போய், எங்கே பலவீனமோ அங்கே முறியும்.

முதலில் வந்த அச்சு ஆம்பூர்ப் பக்கத்துக் காயலான் கடையொன்றில் கிடந்தது. பார்க்க நல்ல நிலை, விலையும் மலிவு. உருண்டை நடுவில் இருந்தது. கடைக்காரர் ஒரு யோசனையும் சொன்னார்: முன் புரபல்லரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள், டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் எடுத்துவிடுங்கள், இந்த அச்சைப் பூட்டுங்கள், வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும், டீசலும் மிச்சம். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. இப்படி மாற்றப்பட்ட ஜீப்புகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஓடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அதே ஜீப்; முன்னால் அதே ஏழு கோடுகள். மலை மட்டும் ஏறாது. எங்களுக்குள் அன்றிரவு நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. மூவரில் ஒருவருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, அவருடைய நியாயமும் வலுவானதுதான்: சரக்கு வருமானத்தில் பாதி பழுதுக்கே போகிறது. காலையில் அவரே வேண்டாமென்றார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டாவது ஒரு தோல் மண்டிக்காரர் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில் கிடந்தது. பத்து போல்ட், வலப்புற ஒதுக்கம், நேரான குழாய் எல்லாம் சரி. திறந்து எண்ணினால் 43. பாய் ஒன்றும் சொல்லாமல் மூடியை மாட்டிவிட்டுத் தேநீருக்குப் போய்விட்டார். பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றிலிருந்து எடுத்ததாம். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் கொண்டு தோல் பதமிட்ட காலத்தில் மலைச்சரக்கை இறக்கியதே அந்த ஜீப்தான் என்றார் வீட்டுப் பெரியவர். குரோம் உப்பு வந்து பட்டையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட பின் அதற்கு வேலை குறைந்துபோயிற்று. பாலாறு என்னவாயிற்று என்பதையும் அவரே பேசினார். 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்துத் தீர்ப்பளித்த வழக்கு வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் பெயரில் நடந்தது. அதை விவரிக்க இது இடமல்ல.

அந்தக் கொல்லையில் வேறொன்று கிடைத்தது. ஒரு தகரப் பெட்டியில் பழைய ஆயில் சீல்கள். உதடு ரப்பரால் ஆனதல்ல, தோல். செயற்கை ரப்பர் பரவுவதற்கு முன் அச்சின் முனையில் எண்ணெய் கசியாமல் காத்தது பதமிட்ட தோல்தான் என்று படித்திருக்கிறோம். கையில் எடுத்துப் பார்த்தது அன்றுதான். காய்ந்து கொம்பு போலாகியிருந்தது. தோல் ஊரில் இருந்துகொண்டு, ஜீப்பின் உயிர்நிலையில் தோல் இருந்தது என்பதை இத்தனை காலம் கேள்விப்படாமலே இருந்திருக்கிறோம்.

மூன்றாவது, போடிநாயக்கனூரிலிருந்து வந்தது. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி இடுக்கி மலைப்பாதைகளில் ஓடும் ஜீப்புகளின் ஊர் அது. தேனி, கம்பம், போடிப் பட்டறைகளில் இந்த வண்டிகளின் எலும்பு ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. தொலைபேசியில் பாய் கேட்ட கேள்விகள் மூன்றே: ஒதுக்கம் எந்தப் பக்கம், பல் எத்தனை, பட்டை உட்காரும் இரண்டு இடங்களுக்கும் இடையே எத்தனை அங்குலம். நான்காவதாக, வெறும் கிரவுனைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். படத்தைப் பெரிதாக்கிச் சுண்டுவிரலால் ஒவ்வொரு பல்லாக எண்ணினார். இருமுறை.

புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் ஒரு மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். பாரம் ஏற்றிய வண்டிகளோடு மேடுபள்ளம் தெரியாத வழி போகும் உப்பு வணிகர்கள், வண்டியின் அடிமரத்தில் கட்டித் தொங்கவிடும் உபரி அச்சு அது. சேம அச்சு என்பது அதன் பெயர். தகடூர் எங்கள் மலைக்குத் தென்மேற்கே அதிக தூரமில்லை. அரசன் மகனைப் புகழ வேண்டிய இடத்தில் வாளையோ யானையையோ தேடாமல் வண்டிக்கடியில் குனிந்து பார்த்த அந்த அம்மையாரைப் பற்றி இந்த நாற்பது நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டோம். உமணருக்கு ஒரு வசதி இருந்தது: மர அச்சுக்குப் பல்லின் கணக்கு கிடையாது. நீளமும் பருமனும் பொருந்தினால் போதும்.

பூட்டும் வேலை இரண்டரை நாள். போடி அச்சு அப்படியே பூட்டப்படவில்லை. சக்கரம் மாட்டும் ஹப் இந்த வகையில் தண்டின் கூம்பு முனையில் ஒரு சாவியோடு இறுகியிருக்கும். சுத்தியல் அதற்கு எட்டாது. புல்லரை மாட்டி, ஆள் பலம் கொண்டமட்டும் முறுக்கி, “இதுங்களே யோசிச்சு வெளிய வரட்டும்” என்று பாய் வீட்டுக்குப் போய்விட்டார். இரவு பத்து மணிக்கு, யாரும் தொடாமல், வெடி வெடித்தாற்போல் ஒரு சத்தம். ஹப் கழன்றிருந்தது. சீல்களும் பேரிங்குகளும் புதிதாகப் போட்டபின் கிரவுன் பற்களில் சிவப்பு ஈயக் குழம்பைத் தடவிச் சுற்றினார். பினியன் பல் பதியும் இடத்தில் சிவப்பு அழிந்து ஒரு தடம் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழும்வரை காகிதத் தடிமனுள்ள வளையங்களை வைத்தும் எடுத்தும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே விட வேண்டிய தளர்வு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு முதல் பத்துப் பங்குக்குள். ஐந்தாவது முறை தடம் நடுவில் விழுந்தது.

மற்றவை விரைவாக நடந்தன. பிரேக் குழாய், கைப்பிரேக் கேபிள், புரபல்லர், கடைசியாக யு போல்ட்டுகள்; பழைய அச்சு தன் சக்கரங்களோடே உருண்டு வெளியே வந்தது. புதியது அதே வழியில் உள்ளே போயிற்று. யு போல்ட்டுகளை மட்டும் புதிதாகவே போடச் சொன்னார். ஒருமுறை இழுபட்டது மறுமுறை அதே இறுக்கம் தராதாம். அச்சின் மேல் இருந்த மூச்சுத் துளையில் அடைந்திருந்த மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்தார். அது அடைபட்டால் உள்ளே சூடேறும் காற்று எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். பிரேக்கில் காற்றை வெளியேற்றி, 90ஆம் எண் எண்ணெய் ஊற்றி மூடியதும் மீண்டும் சுண்ணாம்புக் கோடு, மீண்டும் இருபது சுற்று. நாற்பத்தெட்டே முக்கால்.

பழைய அச்சின் இடப்பக்கத் தண்டு நேராக, பழுதின்றி இருந்தது. அதைத் துடைத்து, கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றித் தொட்டியின் அடியில் கம்பியால் கட்டியிருக்கிறோம். வளைந்த கூட்டை எடைக்குப் போட்டுவிட்டோம்.

பங்குனிக் கடைசியில் முதல் நடை போனோம். ஓடைக்கு முன்னால் நான்கையும் இணைத்தபோது மூவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டோம். ஊளை இல்லை. இறக்கத்தில் பதினோரு மூட்டை, ஒரு கர்ப்பிணிப் பெண், அவருடைய மாமியார், இரண்டு கோழிகள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை வடித்துக் காட்டச் சொல்லியிருந்தார் பாய். காட்டினோம். காந்தத்தை விட்டுத் துழாவினார். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும் ஒட்டியிருந்தது, சில்லு எதுவுமில்லை. அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் புது எண்ணெயை ஊற்றினார். மழைக்கு முன் இன்னும் இரண்டு நடைப் புளி மேலே கிடக்கிறது.